சிரித்த நேரத்துக் கோடு

ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில் டாக்டரம்மா நீளத்தாளை விரிக்கிறார். நேற்று முழுக்க கிரேன் ஓட்டுநரின் மார்பில் ஒட்டியிருந்த கருவி வரைந்த கோடுகள். அதைப் பார்க்க ஓட்டுநருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கிறது. "உங்களுக்குப் படபடன்னு வந்த நேரம் இது. துடிப்பு சீராத்தான் இருக்கு." டாக்டரின் விரல் நகர்ந்து, கோடு தாறுமாறாகத் துள்ளும் இடத்தில் நிற்கிறது. "இங்கதான் தடுமாறுது. அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க?" அவர் யோசிக்கிறார். "இவகூடச் சிரிச்சுப் பேசிட்டிருந்தேன்." பக்கத்தில் மனைவி திடுக்கிட்டு நிமிர்கிறாள். "பயப்படணுமா டாக்டர்?" "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஸ்கேன் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன். அதுவரை கிரேன்ல ஏற வேணாம்." ஒன்றுமில்லை என்றால் ஏன் ஏறக்கூடாது? ஓட்டுநர் தன் மார்பில் கை வைக்கிறார், ஒழுங்காகத்தான் அடிக்கிறது. மனைவி காதோடு கேட்கிறாள், "அப்ப நான் உங்ககூடப் பேசலாமா, கூடாதாங்க?" அவருக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கலாமா என்று டாக்டரைப் பார்க்கிறார்.