கங்காணி கட்டிய பூ

"இந்தக் காசு என் வீட்டு வாசப்படியைத் தாண்டாது கங்காணி. ஆத்தாவே வச்சுக்கட்டும்."

பாஞ்சாலை துணி மூட்டையைக் கோயில் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

உள்ளே இருந்தது லாட்டரிப் பணம். வீட்டுப் பின்னால் போட்ட கோஸை விற்க பிரிஞ்சாங் டவுனுக்குப் போனவளுக்கு, சில்லறை இல்லையென்று சீனக் கடை முதலாளி தவுக்கே ஒரு லாட்டரிச் சீட்டைக் கையில் திணித்திருந்தார். அந்தச் சீட்டுக்குத்தான் பரிசு விழுந்தது. ஆயுசுக்கும் இந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தாலும் அவளால் சேர்க்க முடியாத பணம்.

"சில்லறைக்குப் பதிலா வந்த சீட்டுதானே? நீயா போய் ஆடினே?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"யார் ஆடினா என்ன? சூதுக் காசு சூதுக் காசுதான். என் புருஷன் அதுலதான் அழிஞ்சாரு. அந்தக் காசுல நான் உலை வைக்கவா?"

அவள் பக்கத்தில் மகள் ஜெயா நின்றாள். ஈப்போவில் ஆறாம் படிவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தங்கிச் சாப்பிட வழியில்லை. மகளையும் கொழுந்து வேலைக்குப் பதியச் சொல்லி பாஞ்சாலை தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கேட்டாயிற்று.

எல்லாரும் கங்காணி சாம்பசிவத்தைப் பார்த்தார்கள். கோயில் தலைவர் அவர்தான், பூசை செய்வதும் அவர்தான்.

அவர் மனைவி அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தீபாவளிக்கு லைன் வீடுகள் முழுக்கச் சீட்டு ஆடும்போதும் அவள் வீட்டில் ஒரு சீட்டு புரளாது. கங்காணி தலையைக் கண்டால் பெரிய பெரிய ஆம்பிளைகளே சீட்டுக்கட்டை லுங்கிக்குள் ஒளிப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டோம் என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. 'பாவக் காசை வெளியே தூக்கிப் போடு' என்று இப்போது ஒரு அதட்டல் வரும் பார் என்று காத்திருந்தாள்.

கங்காணி மோவாயைத் தடவினார்.

"பூப் போட்டுப் பார்த்திரலாம்" என்றார்.

அம்மாக்கண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரெண்டு பொட்டலம் வைப்பேன் பாஞ்சாலை. வெள்ளைப் பூ வந்தா காசு கோயிலுக்கு. செவப்பு வந்தா, ஆத்தா உனக்கே குடுத்ததுன்னு அர்த்தம். மறுபேச்சு பேசாம கொண்டுபோயி பிள்ளையைப் படிக்க வைக்கணும். சம்மதமா?"

"ஆத்தா சொன்னா நான் தட்டுவேனா கங்காணி?"

பொருளாளர் நாகப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கோயில் கூரை ஒழுகுது. திருவிழா வேற வருது. தானா வந்த காசை வாங்கிப் போடுறதை விட்டுட்டு..." என்றவர், குரலைத் தாழ்த்திப் பக்கத்திலிருந்தவரிடம், "ஒண்ணு, பாவம்னு சொல்லி விரட்டணும். இல்ல, வாங்கிக்கணும். ரெண்டுக்கும் தைரியமில்ல, பாரம் சாமி தலையில" என்றார்.

அது அம்மாக்கண்ணு காதில் நன்றாகவே விழுந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் இப்படியா போகவேண்டும்?

கங்காணி சன்னதிக்குள் போனார். வெற்றிலையில் பூவை மடித்து, நூல் சுற்றி, இரண்டு பொட்டலங்களை மாரியம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தார். அவர் கட்டிய பொட்டலத்தைச் சந்தேகப்பட அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது.

பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். நூலைப் பிரித்தாள்.

சிவப்பு ரோஜா.

"ஆத்தா!" என்று அலறியபடி அங்கேயே விழுந்து கும்பிட்டாள். ஜெயா அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். மூட்டை வந்த வழியே திரும்பிப் போனது. இந்தத் தடவை பாஞ்சாலை அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்தது. நாகப்பன் ஒழுகும் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

கங்காணி விளக்குத் திரியைத் தணித்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணுக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. வேகவேகமாகச் சன்னதியைக் கூட்டினாள். யாரும் எடுக்காத பொட்டலம் அம்மன் காலடியில் கிடந்தது. அம்மன் பூவை வீணாக்குவானேன், உள்ளே இருக்கும் வெள்ளைப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்தாள்.

சிவப்பு ரோஜா.

அதைக் கங்காணியிடம் நீட்டினாள்.

"என்னாங்க இது?"

கங்காணி திரும்பிப் பார்த்தார். மறைக்கவில்லை.

"நான் எடுத்துக்கோன்னு சொன்னா அவ எடுப்பாளா? செத்தாலும் மாட்டா. ஆத்தா சொன்னாத்தான் கேப்பா."

"அதுக்குன்னு சாமிக்கு முன்னால பொய்யா? சாமி குத்தம் ஆயிடாதா?"

"அவளுக்கு என்ன குத்தம்? அவ சத்தியமாத்தான் கேட்டா. குத்தம்னா அது எனக்குத்தான். வந்தா வரட்டும். அந்தப் பிள்ளை கையில கொழுந்துக் கூடையைக் குடுத்துட்டு, நான் இங்க கூரைக்குத் தகரம் மாத்திக்கிட்டு இருக்கவா?"

அம்மாக்கண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் புருஷனைப் பற்றி இவ்வளவு நாள் பட்ட பெருமையெல்லாம் ஒரு பெருமையா என்றிருந்தது அவளுக்கு. அந்த ரோஜாவையே எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

கங்காணி சன்னதிக் கதவைச் சாத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ஊரையே ஆடாதேன்னு வெரட்டினவன், என் ஆயுசுல ஒரே ஒரு சூது ஆடினேன் அம்மாக்கண்ணு. அதையும் தோக்காம ஆடினேன்லா!"