ஈட்டிமரக் கால்

மிளகு அரைக்கும் பெப்பர் மில்லை லேத்தில் கடைய நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். பச்சை மரம் பாதியில் வெடித்து மானத்தை வாங்கிவிடும். ஊரெல்லாம் கேட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் தேவசகாயம் அண்ணாச்சிதான் தன்னுடைய பழைய மரக்காலைச் சாக்கில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"இலவச முகாம்ல ஃபைபர் கால் குடுத்துட்டாவ. இது ஈட்டிமரம். முப்பது வருசமாக் காயுது, எடுத்துக்கோ."

முட்டிக்குக் கீழே ஒரு சாண் துண்டு அறுத்தெடுத்து, நான்கு பக்கமும் சீவி, லேத்தில் மாட்டி நடுவில் துளை போட ஆரம்பித்தேன். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மெல்ல, தம்பி. அது கெண்டைக்கால்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீ தரையில் கொட்டிக் கிடந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. பதறிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"அண்ணாச்சி, வலிக்கா?"

"எவம்ல நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். "முப்பது வருசமா அந்த எடத்துல ஒரு அரிப்பு. சொறிய கால் இல்ல. யார்ட்ட போய்ச் சொல்ல? இப்பதான் பக்கத்துல வந்திருக்க. இன்னும் ரெண்டு நூல் அளவு உள்ள போ."

என் விரல் சுவிட்சில் இருந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலை இறுகப் பிடித்தார்.