எட்டு போல்ட்டு

"அண்ணா, உன் கால்ல வுயறேன். அந்த வண்டிய மட்டும் சரி பண்ணாத!"

சிவந்தி மூன்றாவது தடவையாகக் கெஞ்சினாள். அவள் அண்ணன் எத்திராஜ் காதில் போட்டுக்கொண்டால்தானே! ராயபுரத்தில் மஜீது பாயின் பழைய இரும்புக் கடை வாசலில் குந்திக்கொண்டு, போல்ட்டுக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

மில் சூப்பரிண்டெண்டு துரையின் பழைய மோட்டார் அன்று காலை எத்திராஜின் பட்டறைக்கு வந்திருந்தது. இஞ்சினோடு புகைக்குழாயைச் சேர்த்துப் பிடிக்கும் எட்டு போல்ட்டில் மூன்று முறிந்துவிட்டன. மற்ற ஐந்தும் ஆட்டம் கண்டிருந்தன. அந்த இடுக்கில் புகை சீறுவதால், வண்டி கிளம்பினால் படபடவென்று ஒரு மைலுக்குக் கேட்கும்.

மூன்று வாரமாக வேலைநிறுத்தம் செய்யும் மில் ஆட்களைக் காப்பாற்றியதே அந்தச் சத்தம்தான். திருவொற்றியூரைத் தாண்டிச் சவுக்குத் தோப்பில் பன்னிரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். சத்தம் கேட்டதும் பக்கத்து உப்பங்கழியில் கட்டியிருக்கும் படகுகளில் ஏறிப் போய்விடுவார்கள். துரை கூட்டிவரும் தடியர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். தோப்புக்குப் போகுமுன் முதல் வாரத்தில் அவர்களிடம் சிக்கிய அப்பாவு என்ற மில் ஆள், அடி தாங்காமல் மூன்றாம் நாளே செத்துப்போனான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் சிவந்தியின் புருஷன் தண்டபாணி.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி வோணும், சத்தமே வரக் கூடாதுன்னு தொரை சொல்லிட்டுப் போயிருக்கான். எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகினுமா இத்த செய்றே?"

"நான் முடியாதுன்னா வேற பட்டறைக்குப் போவான். அங்க செஞ்சு குடுத்துடுவாங்க."

என்ன மனுஷன் இவன்! கூடப் பிறந்தவள் வாழ்க்கை போகிறது, இவனுக்குத் தொழில் போய்விடுமாம். சிவந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மஜீது பாய் உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "இத்த பாரு நைனா. போன வாரம் கப்பல்லேந்து எறங்குன சரக்கு. பூசுன எண்ணெகூட காயல. சரியா எட்டு கீது."

எத்திராஜ் ஒன்றை எடுத்து நட்டில் முறுக்கிப் பார்த்தான். "இது ஒத்துக்காது பாய்."

மறுபடியும் அதே குவியல். ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்தான், வெயிலில் தூக்கிப் பார்த்தான், நட்டுக்குள் விட்டுக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். பிடிக்காததைத் தூக்கி எறிந்தான். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை நுணுக்கம் பார்க்க மாட்டான். துரைக்கு என்றால் எவ்வளவு அக்கறை என்று சிவந்திக்கு வயிறு எரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் எட்டு தேறியது. மஜீது பாய் அதில் ஒன்றை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். பிறகு எத்திராஜின் முகத்தைப் பார்த்தார்.

"காசு வாணாம். எடுத்துகினு போ," என்றார்.

இவரும் துரைக்குப் பயந்தவர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே சிவந்தி அண்ணன் பின்னால் நடந்தாள்.

பட்டறையில் அவன் செய்ததைப் பார்த்தபோது இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டைப் பிடிக்கும் மரைப் பள்ளத்தை ஒட்டி நூல் சுற்றினான். நூலின் மேல் வெள்ளைப் பசையைத் தடவினான். குழந்தைக்கு மை தீட்டுகிற மாதிரி அத்தனை நிதானம். பிறகு எட்டையும் பூட்டி, ஸ்பானரைப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான்.

ஐந்து மணிக்குத் துரை வந்தான். கூடவே தடியோடு நான்கு பேர்.

"நூல் எதுக்கு?" என்றான் துரை, குனிந்து பார்த்து.

"இறுக்கமா ஒக்காரும் தொரை. துளி புகை வராது."

இஞ்சின் ஓடியது. படபட சத்தம் இருந்த இடம் தெரியவில்லை. துரை சிரித்துக்கொண்டே எத்திராஜின் முதுகில் தட்டினான். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி வடக்கே போனது. தெருமுனை தாண்டியதும் அது போகிற ஓசைகூடக் கேட்கவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சிவந்தி வெளியே வந்து, ஒரு கை மண்ணை வாரி அண்ணன் மேல் வீசினாள். "என் தாலிய நீயே அறுத்துட்டியேடா, பாவி! நீ நல்லா இருப்பியா?"

அவன் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. ஸ்பானர்களைத் துடைத்து ஒரு கோணிப்பையில் போட்டு அவளிடம் நீட்டினான்.

"இத்த தண்டபாணிகிட்ட குடு. அவனுக்கு ஒரு தொழிலுக்கு ஆவும். நீ பின்னால சந்து வழியா பூடு. தொரை இங்கதான் திரும்பி வருவான்."

"அவங்கள புடிச்சுகினு போவத்தானே போறான், இங்க எதுக்கு வர்றான்?"

எத்திராஜ் பட்டறைப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"பாய் குட்த்தது நல்ல போல்ட்டு, வருஷக்கணக்கா நிக்கும். நான் பொறுக்குன எட்டும் மரை தேஞ்சது, நூலாலதான் நிக்குது. இஞ்சின் சூட்டுல அந்த நூலு கருகி எட்டும் கழண்டு பழையபடி படபடன்னு கத்த நாலு மைல் ஆவும் சிவந்தி, தோப்பு அஞ்சாவது மைல்ல கீது."