காலைப் பார்த்துக்கோ

உடை மாற்றும் அறையில் கால்பந்து அணியின் தடுப்பாட்ட வீராங்கனை தன் வலது முழங்காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அடி வாங்கி அலுத்துப்போன முழங்கால். இன்றைய ஆட்டத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது.

புதிதாக வந்திருக்கும் கோச் எதிரே வந்து நின்றார்.

"இன்னிக்கு உனக்கு ஒரே வேலைதான். அந்த ஒன்பதாம் நம்பரை கோல் பக்கம் விடாதே. ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் பேசிப் பார்க்கிறேன். தோத்தா நான் வாயைத் திறக்கவே முடியாது."

"சரி சார்."

"அவ பயங்கர வேகமாமே. எப்படி மடக்கப் போற?"

அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இடது பக்கமாத் திருப்பிக்கிட்டே இருப்பேன். போன வருஷம் அவளுக்கு இடது முழங்கால்ல ஆபரேஷன். சட்டுனு திரும்பினா வலிக்கும்."

"பேப்பர்ல கூட வரலையே. நல்லாத்தான் துப்பு விசாரிச்சு வெச்சிருக்க." கோச் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவள் போன் அடித்தது. அம்மா.

"காலைப் பார்த்துக்கோடி. பயத்துல எனக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கல."

"டேப் இறுக்கிச் சுத்திட்டேம்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உன் காலைச் சொல்லலடி. எதிர்ல ஓடி வரப்போறாளே உன் தங்கச்சி, அவ காலைச் சொன்னேன். அந்த ஆபரேஷன் விஷயம் நம்ம மூணு பேரைத் தாண்டி வெளிய போகலையேன்னுதான் கொஞ்சம் தைரியமா இருக்கேன்."