ஒரு ஃபைல்கூடப் போகவில்லை

"உள்ள இருக்கிறது எதுவும் போயிடக் கூடாது தம்பி" என்று பெரியவர் மறுபடியும் சொன்னபோது டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தெருவே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடும். படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களை எழுப்பி உட்கார வைப்பவன். இதுவரை யாருடைய ஃபைலையும் தொலைத்ததில்லை. அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

பெரியவர் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். மூடி சாத்தியிருந்தது. உள்ளே உயிர் இருக்கிறது என்று ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கியது.

இடம் போதவில்லை என்று அது தினமும் எச்சரிக்கிறதாம். ஒருநாள் தானாக நின்றுபோய்விடுமோ என்று அவருக்குத் தூக்கமே இல்லையாம்.

டாக்டர் திறந்து பார்த்தான். பெரிய நோய் ஒன்றுமில்லை. ஒரே டிஸ்க்கை இரண்டு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். 'சி' அறையில் எள் போட்டால் எள் விழாது. 'டி' அறையில் பந்து விளையாடலாம். நடுச்சுவரைத் தள்ளிவைத்தால் போதும். சாமான் எதுவும் உடையாமல் தள்ளுவதில்தான் கெட்டிக்காரத்தனம்.

"நிம்மதியா சாப்பிட்டுட்டு வாங்க ஐயா. ஒரு ஃபைல் போச்சுன்னா நான் கடையை மூடிடறேன்."

முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தான். பழைய ரசீதுகள், கல்யாணப் படங்கள், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் காற்றில் குடையோடு மல்லுக்கட்டிச் சிரிக்கும் படம்.

சுவரைத் தொடுவதற்கு முன் திறந்து கிடப்பதையெல்லாம் மூட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது. பாதியில் நிற்கும் சீட்டாட்டம், தனியாள் ஆடுவது. பெரிசுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஆட்டத்தை விட்டு வெளியேறவா என்று கேட்டது. ஆமாம் என்றான்.

சுவர் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இடையில் லேப்டாப் அணைந்துபோனால் எல்லாம் அம்பேல். டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் காவல் இருந்தான். கடைசியில் 'சி' தாராளமாக மூச்சுவிட்டது. நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

பெரியவர் வந்ததும் பெருமையாகத் திரையை அவர் பக்கம் திருப்பிப் படங்களைக் காட்டினான். அவர் தலையாட்டினார். ஆனால் கண் படத்தில் இல்லை. திரையின் அடிப்பட்டையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு சீட்டாட்டம் இருந்துச்சே தம்பி."

மூடிவிட்டதாகவும், வேண்டுமென்றால் புதிதாக ஒன்று ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொன்னான்.

"எனக்குச் சீட்டு ஆடவே தெரியாது" என்றார் பெரியவர் மெதுவாக. "அடுப்பை அணைச்சிட்டு வந்து முடிக்கிறேன்னு எழுந்து போனவதான்."

திரையில் குடையோடு சிரித்த அம்மாளை விரலால் தொட்டார்.

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தச் சீட்டுகளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். ஒன்றுகூட வரவில்லை. நகலில் துழாவியும் பயனில்லை. சேமிக்காத ஆட்டம் எந்த அறையிலும் இருக்காது.

பெரியவர் மூடியைச் சாத்தினார். பழக்கதோஷத்தில் ஓரத்து விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நீ பார்த்தப்போ, அவ ஜெயிக்கிற மாதிரி இருந்துச்சா?"

"ஒரு சீட்டுதான் பாக்கி ஐயா" என்றான் டாக்டர். "ஜெயிச்சிருப்பாங்க."

பெரியவர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தினமும் திறந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். எனக்குத் தெரியலை பாரேன்."