தானாகக் கழலாத நட்டு

"புது வண்டியாய்யா இது? எங்க வூட்டு ஓட்டைக் குடம்கூட இதைவிட மெதுவா ஒழுகும்," என்றார் சவரியார்.

டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த பிலவேந்திரனுக்குச் சுருக்கென்றது. வண்டி வாங்கிய சவரியார் பக்கத்தில் நின்று பார்க்க, திருச்சியில் அவன் கையால் பூட்டிய வண்டி. டாங்கை நிரப்பி, பகல் முழுக்க நிறுத்தி வைத்து, சொட்டு இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினான். வரதராசன்பேட்டைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, மண்ணெண்ணெய் ஒழுகுது, வண்டியைப் பூட்டின மெக்கானிக்கையே அனுப்பு என்று கம்பெனிக்குத் தந்திக்கு மேல் தந்தி.

முதல் தடவை வந்து குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அடுத்த தடவை வாஷரையே மாற்றினான். இரண்டு தடவையும் ஒழுகல் நின்றது. அவன் பஸ் ஏறிப் போனதும் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை கிளம்பும்போது மானேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "இன்னொரு புகார் வந்துது, உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்."

கிழித்தால் என்ன, போடா என்று சொல்லிவிட்டு வர அவனுக்கு அப்பன் விட்டுப்போன நஞ்சையா இருக்கிறது? அவனும் அம்மாவும் சாப்பிடுவது அந்த ஸ்பானரில்தான்.

"பர்மிட்டு மண்ணெண்ணெய்யா. தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சு போச்சு. அதை இங்க மண்ணு குடிக்குது," சவரியார் விடவில்லை. "ஆமா, உன் சொந்த ஊரு எதுன்னு சொன்னே?"

"ஏலாக்குறிச்சி."

"அப்பா பேரு?"

சொன்னான். போன தடவை எந்த மாதாகோயில் பங்கைச் சேர்ந்தவன், வீட்டில் யார் யார் என்று கேட்டார். இப்போது இது. எல்லாம் எதற்கு? புகாரில் ஆதியோடந்தமாக எழுதத்தானே. எழுதட்டும் என்று வயிற்றெரிச்சலோடு பல்லைக் கடித்தான்.

"கொஞ்சம் அடுப்புச் சாம்பல் வேணுங்க," என்றான்.

டிரைவர் மரியசூசை ஒரு சட்டியில் கொண்டுவந்து வைத்தார். ஐம்பது வயதிருக்கும். சாயம் போன காக்கிச் சட்டை, இடுப்பில் துண்டு. முதலாளி பேசும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிற மனுஷன்.

பிலவேந்திரன் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு நெடுகச் சாம்பலைத் தூவினான். கார்புரேட்டர் பக்கம் வெளுப்பாகவே இருந்தது. நடுக்குழாயிலும் ஒன்றுமில்லை. டாங்கிலிருந்து குழாய் இறங்குகிற இடத்தில் மட்டும் சாம்பல் மெல்லக் கறுத்தது. ஸ்பானரை வைத்தான். நட்டு அரைச் சுற்று உள்ளே போனது. பித்தளையில் புத்தம் புதுக் கீறல்கள் பளபளத்தன. அளவு பொருந்தாத ஸ்பானரைப் போட்டு யாரோ திருகியிருக்கிறார்கள்.

அவன் வெளியே வந்து எழுந்து நின்றான்.

"வண்டி ஒழுகலீங்க. யாரோ நட்டை அவுத்து வுட்டிருக்காங்க. இந்த நட்டு தானாக் கழலாது."

சவரியார் கொஞ்சம்கூட அசரவில்லை. "அப்பிடிச் சொல்லு. வண்டியைத் தொடுற ஆளு ஒருத்தன்தான். இதோ நிக்கிறானே இவன்தான் அவுத்து வுட்டு, எண்ணெயை வித்துத் திங்கறான். நீ பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இவனைப் போலீஸ்ல ஒப்படைச்சிடறேன். கம்பெனிக்கும் உன்னைப் பத்தி நல்லபடியா எழுதறேன். உன் வேலை உனக்கு."

மரியசூசை தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரே வார்த்தை. மானேஜர் வாயை அடைத்துவிடலாம். பிலவேந்திரன் டிரைவரைப் பார்த்தான். கீழே, எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்த மண்ணையும் பார்த்தான்.

"நான் பாக்கலீங்க."

"பாக்காட்டி என்னய்யா, பாத்தேன்னு சொல்லேன். உனக்கென்ன இவன் மாமனா, மச்சானா?"

அவ்வளவுதான். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"திருடறவன் டின்னுல புடிப்பான், மண்ணுலயா ஊத்துவான்? இவ்வளவு எண்ணெயும் இங்கதான் கெடக்குது, கண்ணு தெரியலையா உங்களுக்கு? பெரிய மனுஷர்னா வாயில வந்ததைப் பேசிடலாமா? ஒரு கூலிக்காரரை ஜெயிலுக்கு அனுப்பித்தான் என் வேலை நிக்கணும்னா அந்த வேலை எனக்கு வேணாம். எழுதுங்க, நல்லா எழுதுங்க. மூணு தந்தி கொடுத்தவருக்கு நாலாவது கொடுக்கவா தெரியாது?"

சாமான்களைப் பையில் வாரிப் போட்டான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது கண் கலங்கியது, அதை இந்த ஆள் பார்த்துத் தொலைக்கப் போகிறாரே என்று இன்னும் எரிச்சல் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"தம்பி, நில்லுங்க," என்றார் மரியசூசை. இத்தனை நாள் 'சார், சார்' என்ற குரல் இல்லை அது. "நட்டை அவுத்தது நான்தான். மூணு தடவையும்."

பிலவேந்திரன் அப்படியே நின்றான். இந்த ஆளுக்காகவா வேலையை விட்டெறிந்தோம் என்று அவனுக்குத் தலை சுற்றியது.

சவரியார் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, டிரைவருக்கு முன்னால் பணிவாக வந்து நின்றார்.

"என்ன மச்சான், தாய்மாமன் நீங்க திருப்தின்னு சொன்னாத்தான் எம் பொண்ணை எவனுக்கும் குடுப்பேன்னு இருக்கேன், இந்தப் பையனைப் பேசி முடிச்சிடலாமா?"