நன்றியுரைக்கு இருந்தவர்கள்

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்துவிட்டன. சிறப்புரை மட்டும் தொம்மலூர் மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தது.

விருந்தினர் வரும்வரை நன்றியுரை நடக்கட்டும் என்று தலைவர் சேஷகிரி மைக்கில் அறிவித்தார்.

ஜீவனஹள்ளியில் எங்கள் மன்றத்துப் பொங்கல் விழாவில் நன்றியுரை என்றால் முனியப்பன்தான். பல வருடங்களாக அவர்தான். நன்றியுரை என்று காதில் விழுந்ததும் எழுந்து பந்திக்கு ஓடுவது எங்கள் மரபு. ஒரு தடவையாவது ஆட்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மனிதருக்கு ஆசை. பாவம், எங்களுக்கோ பசி.

அன்றும் எழுந்தோம். மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால் பந்திக் கதவு பூட்டியிருந்தது. விருந்தினர் வந்த பிறகுதான் இலை போடுவார்களாம். வேறு வழியில்லாமல் இறங்கி வந்து உட்கார்ந்தோம்.

முனியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அரங்கம் நிறைந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மைக்செட் போட்ட நரேஷுக்கு நன்றி சொன்னார். கோலம் போட்ட ஷோபாவுக்கு. பந்தல் கம்பிகளைக் காரில் ஏற்றி வந்து இருக்கை உறையைக் கிழித்துக்கொண்ட வின்சென்ட்டுக்கு.

வின்சென்ட் எழுந்தே நின்றுவிட்டார்.

அதன் பிறகு ஒருவரும் அசையவில்லை. தன் பெயர் எப்போது வரும் என்று ஆளாளுக்குக் காத்திருந்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும்தான்.

சிறப்பு விருந்தினர் வந்து வாசலில் நின்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோர் பெயரும் ஆயிற்று. முனியப்பன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எங்கள் மன்றத்தில் யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். தன் மனைவி சரளாவுக்கு நன்றி சொன்னார். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அப்போது குரல் உடைந்துவிட்டது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விருந்தினர் இங்கிதம் தெரிந்தவர். சிறப்புரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

முனியப்பனோடு நானும் மாடி ஏறினேன். கதவை ஒட்டி, வரிசையின் முதல் ஆளாகச் சரளா நின்றிருந்தார். நாங்கள் இறங்கியபோது அவர் மட்டும் இறங்கவில்லை. வடை பொரிகிற சத்தத்தில் அங்கே மைக் எங்கே கேட்கப் போகிறது?

கணவருக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

"இன்னிக்காச்சும் யாராச்சும் உக்காந்து கேட்டாங்களா?"

"எல்லாரும் கேட்டாங்க" என்றார் முனியப்பன்.